பழந்தட்டும் புதுத்தட்டும்

1956ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் 'றமாக்' என்னும் கணினியை உலகுக்கு அறிவித்தது. கலிபோர்ணியாவின் சான் ஹோசே நகரில், றெனோல்ட் ஜோன்சன் தலைமையில் உழைத்த பொறியியலாளர்கள் அதற்கெனப் புதியதொரு களஞ்சியத்தை அமைத்திருந்தனர். இரண்டடி விட்டமுள்ள 50 வட்டத் தட்டுக்கள் ஒரே அச்சிற் கோக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடையுடைய அப்பொறியின் காந்தப் பூச்சில் 50 இலட்சம் எழுத்துக்கள் அடங்கின.

இன்று வன்தட்டு என வழங்கும் பொருளின் மூதாதை அதுவே. அதன் வரலாற்றைக் கொள்ளளவு பெருகிய கதையாகவே கூறுவது வழக்கம். ஆயின் அக்கதையினுள்ளே மற்றொரு கதையும் உண்டு. சிறிய பழந்தட்டில் இருந்தவை பெரிய புதுத்தட்டுக்கு எவ்வாறு குடிபெயர்ந்தன என்பதே அது. தட்டு தேயும் இயல்புடையது. அதில் எழுதப்பட்டதோ பலருக்கு ஈடு செய்யவியலாத உடைமை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று காப்பது படியெடுத்தல் என்னும் தொழிலாகும்.

1962இல் கழற்றி மாட்டத்தக்க தட்டுப்பொதி வந்தது. 1973இல் 'வின்செஸ்ரர்' எனப் பெயர்பெற்ற அமைப்பு வந்தது. தட்டையும் அதைப் படிக்கும் தலையையும் தூசி புகாத ஒரே உறையுள் அடைத்தமை இதன் சிறப்பு. பின்வந்த வன்தட்டுக்கள் இவ்வழியையே தழுவின. தலையானது தட்டைத் தொடாமல், மயிரிழையின் தடிப்பினும் மிகக் குறைந்த உயரத்தில் மிதக்கும். அது உரசுமாயின் அவ்விடத்து எழுத்துக்கள் அழியும். உறையைத் திறந்து உள்ளிருப்பதை மீட்பது சாதாரண பயனாளருக்கு இயலாது. ஆகவே, தட்டு உயிரோடிருக்கும்போதே அதைக்கொண்டே படியெடுத்தாக வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று.

1983இல் ஐ.பி.எம். வெளியிட்ட மேசைக் கணினியில் 10 மெகாபைட் தட்டு ஒன்று அமைந்திருந்தது. அத்தகைய தட்டுக்கள் விரைவில் நிரம்பின. பெரியவற்றை வாங்கினோர் கோப்புக் கோப்பாகப் படியெடுத்தனர். எல்லாம் வந்து சேர்ந்த பின்னும் புதுத்தட்டிலிருந்து கணினி இயங்க மறுப்பதுண்டு. காரணம் யாதெனில், கணினியை எழுப்பும் சிறு நிரலும், தட்டின் பிரிவுகளைக் கூறும் அட்டவணையும் தட்டின் தொடக்கத்தில் உள்ளன. அவை கோப்புப் பட்டியலில் தோன்றுவதில்லை. வீட்டுச் சாமான்கள் யாவும் புதுமனைக்கு வந்திருக்க, திறப்பு மட்டும் பழைய வீட்டில் விடுபட்டதற்கு இதனை ஒப்பிடலாம்.

இதற்கு மருந்தாகியது, பொருளை ஆராயாது உள்ளபடியே பெயர்க்கும் முறை. 1974ஆம் ஆண்டின் யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே 'டிடி' என்னும் கட்டளை இருந்தது. எழுதப்பட்டிருப்பது கணக்கா, கடிதமா, வெற்றிடமா என்று அது வினவுவதில்லை. முதலிலிருந்து முடிவுவரை பகுதி பகுதியாக வாசித்து எழுதும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. ஏடு எழுதுவோன் பொருளறிந்தவனாயின், பிழையென்று கருதியதைத் திருத்தி மூலத்தை மாற்றிவிடுவான். பொறிக்கு அத்தகைய அறிவில்லாமையே ஈண்டு நன்மையாயிற்று.

1990களின் நடுப்பகுதியில் நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் மறே ஹசார்ட் என்பார் 'கோஸ்ற்' என்னும் மென்பொருளை ஆக்கினார். தட்டின் அமைப்பை உணர்ந்து, பயன்பாட்டிலுள்ள பகுதிகளை மாத்திரம் பெயர்க்க அது வழிசெய்தது. 1998இல் சிமன்ரெக் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

பெரிய தட்டு தனக்குரிய சிக்கலையும் கொண்டுவந்தது. உள்ளபடியே படியெடுத்தால் பழைய பிரிவின் அளவும் அப்படியே வந்துவிடும். நான்கு பரப்புக் காணியின் வேலியை இருபது பரப்புக் காணியின் மூலையில் நட்டதுபோல, மிஞ்சிய இடம் பயனின்றிக் கிடக்கும். வேலியைப் பெயர்த்து நடுவதற்கு அட்டவணையைத் திருத்துதல் வேண்டும். பழைய அட்டவணையோ 512 பைட் கொண்ட பகுதிகளை 32 இருமங்களால் எண்ணியமையால், ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு அப்பால் அதற்கு எண் இல்லை. 2007இல் ஹிற்றாச்சி 1 டெராபைட் தட்டை வெளியிட்டபின் அவ்வெல்லை அண்மித்தது. 'ஜிபிரி' என்னும் புதிய அட்டவணை அதன் இடத்தைப் பெற்றது.

எல்லா முறைகளுக்கும் பொதுவான அபாயம் ஒன்றுண்டு. எது மூலம், எது படி என்பதை மாற்றிக் கூறினால், பொறி மறுபேச்சின்றிப் புதுத்தட்டின் வெறுமையைப் பழந்தட்டின்மேல் எழுதும். பல்லாண்டுக் கணக்குகளும், இறந்தோரின் நிழற்படங்களும் அவ்வாறே மறைந்துவிடும். பொருளறியாமையால் நன்மை செய்த பொறி, அதே அறியாமையால் தீமையும் செய்ய வல்லது. காவல் மனிதனிடமே உள்ளது.

பழுதடைந்த தட்டுக்கு வேறொரு நெறி வேண்டும். 2004இல் வந்த 'டிடிரெஸ்கியூ' என்னும் மென்பொருள், எளிதில் வாசிக்கத்தக்க இடங்களை முதலிற் காத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பின்னரே திரும்பும். வலிந்து ஓரிடத்தில் முயன்று தட்டு முற்றாக நின்றுபோனால், காக்கக்கூடியதும் போய்விடும் என்பதே அதன் நியாயம்.

1956இல் ஓர் அறையில் நின்ற களஞ்சியத்தினும் பன்னூறாயிரம் மடங்கு கொள்வது இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. எழுத்து பெருகிய அளவுக்கு, ஒருகணத்தில் இழக்கக்கூடியதும் பெருகியுள்ளது. ஆகையால், புதுத்தட்டில் எழுதி முடிந்தவுடன் படியெடுத்தல் நிறைவெய்துவதில்லை. எழுதியதை மீள வாசித்து, மூலத்தோடு ஒத்திருப்பதைக் கண்டபின்னரே அது நிறைவெய்தும். அதுவரை பழந்தட்டை அழியாது வைத்திருத்தலே அறிவுடைமை.