அரை மணி நேரக் கணக்கு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோதே கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "ஹாஸ்டல் மெஸ், மரத்தடி அரட்டை இதெல்லாம் எழுத ஏற்கெனவே ஆள் இருக்கு. நீ ஏதாவது உருப்படியா எழுது." உருப்படியாக எனக்குத் தெரிந்தது பம்பு ஒன்றுதான். படித்து முடித்த நாள் முதல் கோவையில் பம்போடுதான் பிழைப்பு. ஆகவே இதுவும் ஒரு பம்பைப் பற்றிய கட்டுரைதான். விலைப்பட்டியல் எதுவும் கிடையாது, பயப்படாமல் படிக்கலாம்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் ஆஞ்சியோகிராம் என்றார்கள். அன்று ராத்திரி அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. அவர் விவசாயி; கிணற்று மோட்டாரை நாற்பது வருஷமாகத் தானே பிரித்து மாட்டுகிறவர். திடீரென்று கேட்டார்: "ஏங்கண்ணு, ரத்தம் சுத்துது சுத்துதுங்கறாங்களே, அது சுத்துதுன்னு எவன் பாத்தான்?"

"தெரியலீங்கப்பா, பாத்துச் சொல்றேன்" என்றேன். எஞ்சினியர் மகனுக்கு அது அழகான பதில் இல்லைதான். அவர் எப்படியோ தூங்கிவிட்டார். பிறகு தூங்காமல் கிடந்தது நான். அன்று தொடங்கிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரத்தம் சுற்றுகிறது என்பது ஏதோ ஆதிகாலத்திலிருந்தே தெரிந்த விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த கேலன் என்ற கிரேக்க வைத்தியர் சொன்னதைத்தான் ஐரோப்பாவும் அரபு நாடுகளும் சுமார் 1,400 ஆண்டுகள் நம்பின. கேலன் லேசுப்பட்ட ஆள் இல்லை. வாள் சண்டை வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். தமனிகளில் ஓடுவது காற்றல்ல, ரத்தமே என்று காட்டியவர். சிரையில் இருப்பது கறுத்த ரத்தம், தமனியில் இருப்பது பளிச்சென்ற சிவப்பு. பார்க்கிற எவருக்கும் இரண்டும் வேறு வேறு சரக்கு, வேறு வேறு லைன் என்றுதானே தோன்றும்? சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தைத் தயாரிக்கிறது, அது சிரைகள் வழியாக உடம்பெங்கும் போகிறது, அங்கங்கே உடம்பு அதைக் குடித்துவிடுகிறது என்றார் அவர். வாய்க்காலில் விட்ட தண்ணீரை வயல் குடிப்பது மாதிரி. வயல் குடித்த தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பி வரும் என்று யாராவது எதிர்பார்ப்பார்களா?

ஒரு இடத்தில்தான் அவருக்கு இடித்தது. இதயத்தின் வலது அறையிலிருந்து கொஞ்சம் ரத்தம் இடது அறைக்குப் போயாக வேண்டும். நடுவில் இருப்பதோ கெட்டியான தசைச்சுவர். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன என்று சொல்லி அந்த இடத்தைக் கடந்துவிட்டார். நாமும் லேப் ரெக்கார்டில் இப்படிக் கடந்தவர்கள்தானே!

துளை கிடையாது என்று முதலில் எழுதியவர் கெய்ரோவில் இருந்த இப்னு அல் நபீஸ். ஆண்டு 1242. வலது அறையிலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போய், காற்றோடு கலந்து இடது பக்கம் வருகிறது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1924இல்தான் பெர்லின் நூலகத்தில் ஒரு எகிப்திய டாக்டரின் கண்ணில் பட்டது. ஐரோப்பாவில் செர்வேட்டஸ் அதையே 1553இல் ஒரு சமய நூலுக்குள் எழுதினார். அதே ஆண்டு ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். காரணம் ரத்தமல்ல, அவருடைய சமயக் கருத்துகள். ஆனால் புத்தகமும் சேர்ந்து எரிந்தது.

இனி நம்ம சமாச்சாரத்துக்கு வருகிறேன்: வால்வு.

இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் பாப்ரிசியஸ் என்று ஒரு பேராசிரியர். சிரைகளுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதைப் படம் வரைந்து 1603இல் ஒரு நூலே வெளியிட்டார். கதவுகள் எல்லாம் இதயத்தைப் பார்த்தே திறக்கின்றன. படத்தில் அச்சாகவே இருக்கிறது. ஆனால் அவர் என்ன எழுதினார் தெரியுமா? ரத்தம் ஒரேயடியாகக் கீழே இறங்கிக் கை காலில் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைப்பதற்காக இவை இருக்கின்றன என்றார். நான்-ரிட்டர்ன் வால்வைக் கையில் வைத்துக்கொண்டு அதை மதகு என்று சொல்லிவிட்டார் மனுஷன்! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டு, தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று இரண்டு மணி நேரம் மோட்டாரைக் குடைந்தது ஞாபகம் வந்தது. சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பாப்ரிசியஸிடம் படித்த மாணவர்தான் இங்கிலாந்துக்காரரான வில்லியம் ஹார்வி. 1602இல் பதுவாவில் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை. பின்னாளில் அரச வைத்தியர். மிருகங்களின் இதயத்தைத் திறந்து பார்த்தபோது அது துடிக்கிற வேகத்தில் எது முன், எது பின் என்றே விளங்காமல், இது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்ததாக அவரே எழுதுகிறார். அதனால் மெதுவாகத் துடிக்கிற இதயங்களைத் தேடிப் போனார். பாம்பு, தவளை, மீன். பாம்பின் பெருஞ்சிரையை இடுக்கினால் இதயம் வெளுத்துக் காலியாகிறது. பெருந்தமனியை இடுக்கினால் இதயம் புடைத்துக் கறுக்கிறது. உறிஞ்சும் பக்கம் அடைத்தால் ஒன்று, தள்ளும் பக்கம் அடைத்தால் ஒன்று. சக்‌ஷன், டெலிவரி. வேறென்ன?

ஆனால் என்னை உட்கார வைத்தது அவருடைய கணக்குதான். ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தம்தான் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம் என்கிறார். அரை மணி நேரத்துக்கு ஆயிரம் துடிப்பு. ஆக, 500 அவுன்ஸ். நம் கணக்கில் ஏறக்குறைய 15 கிலோ. உடம்பு முழுவதும் பிழிந்தாலும் அவ்வளவு ரத்தம் கிடையாது. அரை மணி நேரத்தில் அவ்வளவு ரத்தம் தயாரிக்க எவன் சாப்பிட முடியும்? அப்படியானால் போன ரத்தமேதான் திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. உள்ளே வருவது, வெளியே போவது, மிச்சம். நாம் இரண்டாம் ஆண்டில் முதல் வாரம் படித்தது.

அதிலும் ஹார்வி வேண்டுமென்றே எல்லா எண்ணையும் குறைத்துப் போட்டிருந்தார். இன்றைய அளவில் துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் நிமிஷத்துக்கு சுமார் ஐந்து லிட்டர். அரை மணிக்கு 150 லிட்டர். பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே அவர் கேஸை ஜெயித்துவிட்டார்.

1628இல் பிராங்பர்ட்டில் அச்சான அந்த நூல் வெறும் 72 பக்கம். அதில் யாரும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. முழங்கைக்கு மேல் துணியை ஓரளவு இறுக்கிக் கட்டினால் கீழே சிரைகள் புடைக்கும். புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி, அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை வழித்துவிட வேண்டும். நடுவில் காலியாகவே இருக்கும். மேலிருந்து ஒரு சொட்டு இறங்காது. கீழ் விரலை எடுத்தால் உடனே நிரம்பும். புத்தகம் வந்த பிறகு ஹார்விக்குப் பைத்தியம் என்று ஊர் பேசியதாகவும், வைத்தியத் தொழில் படுத்துவிட்டதாகவும் ஜான் ஆப்ரி குறித்து வைத்திருக்கிறார்.

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது? ஹார்வி அதைப் பார்க்காமலே 1657இல் இறந்தார். நாலு வருஷம் கழித்து, 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்து நுண்குழாய்களைக் கண்டார். கேலனுடையதும் கண்ணுக்குத் தெரியாத துளைதான், ஹார்வியுடையதும் கண்ணுக்குத் தெரியாத வழிதான். ஆனால் ஹார்வியின் பக்கம் கணக்கு இருந்தது.

அதன் பிறகு அளவெடுக்கிறவர்கள் வந்தார்கள். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் எட்டடி மூன்றங்குலம் ஏறியது. 1733இல் அதை வெளியிட்டார். நம்முடைய 120 பிரஷர் என்பதை ரத்த உயரமாக மாற்றினால் சுமார் ஐந்தடி. அந்தப் பாதரசக் கணக்கைக் கொண்டுவந்தவர், 1828இல், ஒரு பிரெஞ்சு டாக்டர். பெயரைச் சொன்னால் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும்: பாய்சுயில். ஆமாம், அதே ஹேகன்–பாய்சுயில் சமன்பாடுதான். வைவாவில் அந்தப் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் நம்மில் பாதிப் பேர் மாட்டியது நினைவிருக்கும். எண்ணெய்க் குழாய்க்காகப் பிறந்த சூத்திரம் என்றே நான் நினைத்திருந்தேன். அந்த மனுஷன் தேடியது நுண்குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை!

மறுநாள் காலை அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, ஒரு குழாயில் எழுபது சதவீத அடைப்பு, ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார். காரிடாரில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். விட்டம் 0.3. நாலாம் அடுக்கு. 0.0081. நூற்றில் ஒரு பங்குகூட ரத்தம் போகவில்லை! கை நடுங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று எழுத வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். "நீங்க எஞ்சினியரா? உங்க பார்முலா நீளமான பைப்புக்குத்தானே? இது ஒரு சென்டிமீட்டர் அடைப்பு. கீழே இருக்கிற சின்னக் குழாயெல்லாம் தானா விரிஞ்சு கொடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் கிட்டத்தட்ட சரியாவே போகும். வேலை செய்யும்போதுதான் பத்தாமப் போய் வலிக்கும்." அப்பா வரப்பில் ஏறும்போது மட்டும் ஏன் நின்று நின்று வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷமாக அதை வயசு என்று நினைத்திருந்தோம்.

வார்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன், டிவியில் காட்டினார்களா என்று. "காட்டுனாங்க. கறுப்பா மருந்து ஓடுச்சு. ஆனாப் போறதத்தான் பாத்தேன் கண்ணு. திரும்பி வர்றதப் பாக்கலயே?"

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கையோடு எதுவும் செய்ய மனசில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனதும், ஹார்வி சொன்னபடி என் கையில் துண்டைக் கட்டிச் சிரையை வழித்துக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தார். அவரே விரலை வைத்து அழுத்தி, வழித்து, எடுத்துப் பார்த்தார். நாலைந்து தடவை.

"அட, புட் வால்வு!" என்றார்.

இப்போது டீக்கடைக்குத் துண்டோடு போகிறார். யார் கையாவது கிடைத்தால் கட்டிவிடுகிறார்.