காதுக்கும் ஒரு இருப்பாய்வு

பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினால் காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். பேசுவது மந்தமாகக் கேட்கும். ஓரிரு நாளில் சரியாகிவிடும். உண்மையிலேயே சரியாகிவிடுகிறதா? ஆம் என்றுதான் மருத்துவ உலகமும் பல காலம் நம்பியது.

இதைச் சோதிக்க உதவிய கருவி 1970களின் தொடக்கத்தில் வந்தது. டான் ஜூவெட், ஜான் வில்லிஸ்டன் இருவரும் மனிதர்களின் தலையில் எலக்ட்ரோடுகளை ஒட்டி, காதில் 'டிக்' என்ற ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து சராசரி எடுத்தார்கள். ஒவ்வொரு ஒலிக்கும் 10 மில்லி செகண்டுக்குள் சில மின் அலைகள் வரிசையாக எழுவது தெரிந்தது. உயரம் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு! முதல் அலை செவி நரம்பிலிருந்து வருவது. ஐந்தாம் அலை மூளைத்தண்டிலிருந்து வருவது. 1971இல் இவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது மருத்துவமனைச் சோதனையாகவே ஆகிவிட்டது.

2009இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் இருவரும் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் முதல் அலை மட்டும் சிறுத்தே இருந்தது. உள்ளே பார்த்தால், பாதிக்கப்பட்ட பகுதியில் ரோம செல்களையும் நரம்பையும் இணைக்கும் இடங்களில் ஏறக்குறைய பாதி அழிந்திருந்தன. மெல்லிய ஒலியைக் கேட்க மிச்சமிருந்த நரம்பு இழைகளே போதும். அதனால்தான் வழக்கமான சோதனை ஏமாந்தது. இருப்பாய்வு சரியாக இருந்தும் கணக்கில் பிழை ஒளிந்திருப்பது போலத்தான் இதுவும்.

மனிதர்களிடம்? 2011இல் லண்டனில் ரோலண்ட் ஷேட்டே, டேவிட் மெக்அல்பைன் இருவரும், காதில் ஓயாத இரைச்சல் இருந்தும் சோதனையில் 'நார்மல்' என்று வந்தவர்களை ஆராய்ந்தார்கள். முதல் அலை சிறுத்திருந்தது, ஐந்தாம் அலை குறையவில்லை. குறைந்து வந்த செய்தியை மூளைத்தண்டு பெருக்கிக்கொள்கிறது, அந்தப் பெருக்கமே இரைச்சலாகக் கேட்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஆனால் 2017இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 100க்கும் மேற்பட்ட இளைஞர்களை ஆராய்ந்தபோது, அதுவரை கேட்ட இரைச்சலுக்கும் முதல் அலைக்கும் தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில், அதிக இரைச்சலில் பணியாற்றிய முன்னாள் படைவீரர்களிடம் முதல் அலை சிறுத்திருந்தது! உயிரோடு இருப்பவர் காதைத் திறந்து இணைப்புகளை எண்ண முடியாதே. அதனால் வழக்கு இன்னும் முடியவில்லை.

தீர்ப்பு வரும்வரை ஒன்று மட்டும் நிச்சயம். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தால், மெல்லிய ஒலி கேட்கிறது என்றுதான் பொருள். எதையும் இழக்கவில்லை என்று பொருளல்ல.