குரோம்பேட்டையின் பெருக்கம்: பிறப்பும் குடியேற்றமும்

அண்மைக் கணக்கெடுப்புகளில் சென்னைப் புறநகரான குரோம்பேட்டைக்குத் தனி ஊர் என்ற இடம் இல்லை. பல்லாவரம் நகராட்சியின் பகுதியாகவே அது எண்ணப்பட்டது. அந்த நகராட்சியில் 2001-ல் 1,44,623 பேர் வாழ்ந்தனர். 2011-ல் 2,15,417 பேர். பத்தாண்டில் 49 விழுக்காட்டு உயர்வு. இதே காலத்தில் தமிழ்நாடு 15.6 விழுக்காடும், பழைய எல்லைக்குட்பட்ட சென்னை மாநகரம் 7 விழுக்காடும் மட்டுமே வளர்ந்தன.

இந்த 49 எங்கிருந்து வந்தது? அப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 16 பிறப்பு, 7 இறப்பு. இந்த வேகத்தில் பத்தாண்டுக்குக் கணக்கிட்டாலும் உயர்வு 10 விழுக்காட்டைத் தாண்டாது. வெளியிலிருந்து குடிவந்தவர்களில் இளம் தம்பதிகள் அதிகம் என்று கொண்டு பிறப்பைச் சற்றுக் கூட்டிப் போட்டாலும் பெரும்பங்கு குடியேற்றத்தினுடையதே. ஆகவே குரோம்பேட்டையின் மக்கள்தொகையை மகப்பேற்றுப் பதிவேட்டை மட்டும் வைத்து விளக்க முடியாது என்பது என் வாதம்.

உகாண்டாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே 2024-ல் எண்ணப்பட்ட சுமார் 4.59 கோடிப் பேரில் ஏறக்குறைய பாதி 18 வயது நிரம்பாதவர்கள். அந்த நாட்டின் பெருக்கத்தைப் பிறப்பே நடத்துகிறது. பள்ளிக்கூடம் எத்தனை வேண்டும் என்பதைப் பிறப்புக் கணக்கே சொல்லிவிடும். தமிழ்நாட்டிலோ 2011-லேயே 60 வயதைக் கடந்தவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்தான். பிறப்பு குறைந்துவரும் மாநிலத்தில் ஒரு புறநகர் இப்படிப் பெருக வேண்டுமென்றால் ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வந்தார்கள். ஊரின் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையிலிருந்து பிறந்தது. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், நகரில் வேலையும் இங்கே வீடுமாக வாழ வழி பிறந்தது. 1949-ல் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி, 1984-ல் தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம். ராதா நகர், அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் பக்கங்களில் மனை வாங்கிக் குடிவந்தவர்கள் பலர் இன்று முதியவர்கள். அவர்கள் கட்டிய தனி வீடு இடிக்கப்பட்டு, அதே மனையில் அடுக்ககம் எழுகிறது. ஒரு வீட்டில் ஓய்வூதியம் பெறும் தம்பதி மட்டும். பக்கத்துத் தெருவில் ஒரே அறையில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஐந்தாறு பேர். இந்த இருவகையினருக்கும் சேர்த்துத்தான் குடிநீரும் மருத்துவமனையும் திட்டமிடப்பட வேண்டும். மொத்த எண்ணிக்கை ஒன்றை வைத்துக்கொண்டு அதைச் செய்ய இயலாது.

மொத்த எண்ணிக்கைகூடப் பழையது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. எத்தியோப்பியா 2007-க்குப் பிறகு தன் மக்களை எண்ணவில்லை. அங்கே மோதல்களும் இனங்களின் அரசியல் பங்கும் குறுக்கே நின்றன. நம் தாமதத்தின் காரணம் வேறு. விளைவு ஒன்றுதான்: ஆள்வோர் மதிப்பீட்டை நம்பி ஆள்கிறார்கள். 2021 நவம்பரில் பல்லாவரம் உட்பட ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும், அதன் 70 வார்டுகளுக்கு 2011 கணக்கே அடிப்படை. பல்லாவரம் பகுதி 2011-க்குப் பிறகும் பழைய வேகத்தில் வளர்ந்திருந்தால், அங்குள்ள வார்டு உறுப்பினர் ஒருவர் தாளில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கெடுப்பாளர் கேட்கும் கேள்விகளில் இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள், எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள், எதற்காக வந்தீர்கள் என்பவையும் உண்டு. 2011-ல் திரட்டிய இந்த விடைகளின் அட்டவணைகள் பல ஆண்டுகள் கழித்தே முழுமையாக வெளியாயின. 2027-ல் புறநகர்களுக்கு இவற்றை வார்டு வாரியாக, மொத்த எண்ணிக்கையோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.