காலிக் கோட்டையில் யார் குடியிருப்பது?

வாசனைச் சரக்குக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. விளைகிற இடத்தில் அது குடிசையைத்தான் கட்டும். விற்கிற இடத்தில் மாளிகையை எழுப்பும். எங்கள் பொட்டிபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு மேலே ஏலத் தோட்டங்கள். காய் பறிப்பவர்கள் அங்கே லயன் வீடுகளில் ஒடுங்கிக் கிடப்பார்கள். காய் மட்டும் போடிமெட்டு வழியாக இறங்கி, போடிநாயக்கனூருக்கு வந்து ஏலம் போகும். அந்தப் பணத்தில் போடியில் எழுந்த பெரிய வீடுகள் உண்டு. கட்டியவர்கள் காலமாகி, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, அவற்றில் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன.

இந்த வீடுகளை என்ன செய்வது? கிரேக்க நாட்டுத் தீவுகளைப் பாருங்கள் என்கிறார்கள் சிலர். அங்கே பழைய நகரத்தின் நடுவே, நூற்றாண்டுகள் கண்ட வீடுகளைப் புதுப்பித்துச் சொகுசு ஜாகைகளாக்கி, நாள் வாடகைக்கு விடுகிறார்களாம். பணத்துக்குப் பணம், வீட்டுக்கும் பாதுகாப்பு. நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஊர்களின் சரித்திரத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ரோட்ஸ் தீவை எடுத்துக்கொள்வோம். 1309 முதல் புனித யோவான் சபை வீரர்கள் அங்கே ஆண்டார்கள். பெரிய மதில் எழுப்பினார்கள். 1522-ல் துருக்கி சுல்தான் சுலைமான் அதைப் பிடித்தார். பிடித்த பிறகு, மதிலுக்குள் குடியிருந்த கிரேக்கர்கள் வெளியே போய்க் குடியேற வேண்டியதாயிற்று. உள்ளே துருக்கியரும் யூதரும் வாழ்ந்தார்கள். 1944 ஜூலையில் ஜெர்மானியர் அந்த யூதர்கள் 1,600 பேருக்கு மேல் கப்பலேற்றிக் கொலைமுகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். மதில் அப்படியே நிற்கிறது. அதற்குள் யார் அடுப்பு மூட்டுவது என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தைப் பட்டியலில் சேர்த்தது.

அதே 1988-ல் அதே பட்டியலில் இடம்பெற்ற இன்னொரு தீவு நகரம் நமக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. தமிழ் பேசிக்கொண்டே அதன் தெருக்களில் நடக்கலாம். இலங்கையின் தென்கோடியில் இருக்கும் காலிதான் அது.

ஏலக்காய்க்குப் போடி எப்படியோ, இலவங்கப்பட்டைக்கு ஒரு காலத்தில் காலி அப்படி. பட்டையை அங்கே கறுவா என்பார்கள். 1588-ல் போர்ச்சுக்கீசியர் ஒரு சிறிய கோட்டை கட்டினார்கள். 1640-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, கடலை மூன்று பக்கமும் பார்க்கும் பெரிய மதிலாக வளர்த்தார்கள். பழைய வாசலின் உட்புறத்தில் அவர்களுடைய கம்பெனி முத்திரை 1669 என்ற ஆண்டோடு இன்றும் இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு சேவல். ஊரின் பெயர் போர்ச்சுக்கீசியர் காதில் சேவலைக் குறிக்கும் தங்கள் சொல்லைப் போல் விழுந்தது என்று கதை சொல்வார்கள். நம் காதில் வேறு விதமாக விழுகிறது. அந்தப் பெயருக்கு இவ்வளவு அர்த்தம் சேரும் என்று பெயர் வைத்தவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

கோட்டைக்குள் ஒரு முழு ஊர். பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம், தெருவைப் பார்த்து நீண்ட தாழ்வாரம். டச்சு வீடு என்று பெயர். ஆனால் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது. கயிறு திரித்த இடம் ஒரு தெரு. சோனக வியாபாரிகளின் பெயரால் டச்சுக்காரர் அழைத்தது இன்னொரு தெரு. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, பார்வைக்கு மாதா கோயில் போலத் தோன்றும் ஒரு பள்ளிவாசல். அதைச் சுற்றி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் ரத்தினக் கல் வியாபாரம் செய்தவர்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ் பேசியவர்கள்.

தமிழ் அங்கே அதற்கு முன்பே போய்விட்டது. சீன மாலுமி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று காலியில் கிடைத்தது. 1409 என்று அதில் காலக் குறிப்பு இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீன மொழிப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரான திருமாலுக்குக் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று ஒரு கைக்கும் மற்றொரு கைக்கும் வித்தியாசம் வைக்காமல் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு அருமையான கல் 1911-ல் எங்கே கண்டெடுக்கப்பட்டது தெரியுமா? ஒரு சாக்கடைப் பாலத்துக்கு மூடியாக! இப்போது அது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது.

1796-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டி, பெரிய துறைமுகம் அமைத்தார்கள். கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலி வறுமையில் விழுந்தது. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால்தான் பழைய வீடுகள் தப்பின என்று சொன்னால் தவறில்லை. தரித்திரம் போல் நல்ல காவல்காரன் கிடையாது. ஆனால் அந்தக் காவலில் இருப்பவர்கள் மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ்தான் படுக்க வேண்டும்.

பிறகு 1988-ல் பட்டியல் வந்தது. 1994-ல் காலிப் பாரம்பரிய மன்றம் சட்டப்படி அமைந்தது. உயரத்தைக் கூட்டக் கூடாது, முகப்பை மாற்றக் கூடாது, ஓடு மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும் என்று கட்டுப்பாடுகள். 2002-ல் போர் நிறுத்தம் ஏற்பட்டதும் அயல்நாட்டார் பலர் வந்து வீடுகளை வாங்கினார்கள். அரசாங்கம் விழித்துக்கொண்டு 2004-ல், அயல்நாட்டார் நிலம் வாங்கினால் விலைக்குச் சமமாக, நூற்றுக்கு நூறு வரி என்றது. அதற்குள் பல தாழ்வாரங்கள் கை மாறிவிட்டன. சுவருக்குப் புது வெள்ளை அடித்தார்கள். தேக்குக் கதவை மெருகேற்றினார்கள். மழைத் தண்ணீர் விழுந்த முற்றத்தில் குளிக்கத் தொட்டி கட்டினார்கள். பார்க்க மிக அழகாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் என் கண்ணுக்குத்தான் கோளாறு.

அந்த 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. கோட்டைக்கு வெளியே பஸ் நிலையமும் கடைத் தெருவும் கிரிக்கெட் மைதானமும் தண்ணீரில் மூழ்கின. காலி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். கோட்டைக்குள் பெரிய சேதம் இல்லை. டச்சுக்காரன் எதிரியின் பீரங்கிக்காகக் கட்டிய மதில், மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் கடலைத் தடுத்து நிறுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் உள்ளே வந்த பணத்தை மட்டும் அதனால் தடுக்க முடியவில்லை.

விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒழுகும் கூரையைச் சட்டப்படி சரிசெய்யப் பணம் இல்லாதவனுக்கு, கனவிலும் காணாத விலை ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டும். பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கவேண்டும். அவன் விற்றுவிட்டு வெளியே நல்ல வீடு கட்டிக்கொள்கிறான். வாங்கியவனும் சட்டத்தை மீறவில்லை. கூரை ஒழுகாமல், சுவர் இடியாமல் பார்த்துக்கொள்கிறான். ஒருவரும் குற்றம் செய்யவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு என்று தெருவில் குடித்தனம் குறைந்துபோகிறது. ஓடு எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாழ்வாரத்தில் யார் உட்கார வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

மாலையில் அந்தத் தெருக்களில் நடந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. விடுதிகளின் விளக்குகள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக, மரியாதையாக எரிந்தன. பள்ளிவாசல் பக்கத்தில்தான் பையன்கள் சத்தம் போட்டு விளையாடினார்கள். மீன் குழம்பு வாசனை வந்தது. ஒரு பாட்டி பேரனைத் தமிழில் வைதுகொண்டிருந்தாள். அந்த வசவைக் கேட்டபோதுதான், ஓர் ஊருக்கு வந்திருக்கிறோம் என்ற நிச்சயம் ஏற்பட்டது.

அந்தப் பக்கத்திலேயே வேறொரு வழியையும் பார்க்கலாம். சில குடும்பங்கள் வீட்டை விற்கவில்லை. இரண்டு மூன்று அறைகளைச் செப்பனிட்டு, பிரயாணிகளுக்கு வாடகைக்கு விட்டு, மற்ற அறைகளில் தாங்களே வாழ்கிறார்கள். வருகிறவனுக்குக் காலையில் ஆப்பமும் சம்பலும் வீட்டுக்காரி கையால் கிடைக்கின்றன. மெத்தை அவ்வளவு மிருதுவாக இராது. ஆனால் வாடகைப் பணம் கூரைக்கு ஓடாகிறது. குடும்பம் தாழ்வாரத்திலேயே இருக்கிறது.

போடியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் இதையே யோசிக்கலாம். விருந்தாளி வரட்டும், வாடகையும் தரட்டும். ஆனால் கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்ல அந்த வீட்டு மனிதர் ஒருவராவது உள்ளே இருக்கட்டும். பணம் கொடுத்துத் தங்குகிறவன் எத்தனை நாள் தங்கினாலும், கூரை ஒழுகினால் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவான். ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறவன் வீட்டுக்காரன்தான்.