கடன், பாவம், தப்பு: பெங்களூருவில் ஒரு மன்றாட்டின் சொல் வரலாறு

பெங்களூரு சிவாஜிநகரில் உள்ள புனித மரியன்னை பசிலிக்காவின் திருவிழா ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று நிறைவடைகிறது. காவிச் சேலை உடுத்தி நேர்த்திக்கடன் செலுத்த வரும் பெண்களின் வரிசையில் தமிழும் கன்னடமும் கலந்தே ஒலிக்கும். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்களே இவ்விடத்தின் முதல் வழிபாட்டினர் என்பது வழிவழிச் செய்தி. வெள்ளை அரிசி விளைந்த ஊர் என்று பொருள்படும் 'பிளி அக்கி பள்ளி' என்னும் கன்னடப் பெயரே ஆங்கிலேயர் வாயில் 'பிளாக்பள்ளி' ஆயிற்று என்பர். வானளாவிய கோபுரத்தோடு இன்று நிற்கும் கோயில் 1882இல் திறக்கப்பட்டது.

இக்கோயிலில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் திருப்பலி நடைபெறுகிறது. மூன்றிலும் இயேசு கற்றுத்தந்த மன்றாட்டு உண்டு. அதன் ஐந்தாவது வேண்டுதல் மன்னிப்பைப் பற்றியது: பிறருக்கு நாம் செய்வதை அளவாக வைத்து இறைவனிடம் நமக்குக் கேட்பது. இதே வேண்டுதலை அதே நகரின் சீர்திருத்தத் திருச்சபைத் தமிழர் சொல்லும்போது அவர்கள் வாயில் வரும் சொல் 'கடன்'. கத்தோலிக்கத் தமிழரின் பழைய வழக்கில் அது 'பாவம்'. கன்னடத் திருமறையில் அது 'தப்பு'. ஒரே வேண்டுதலுக்குள் மூன்று பொருளுலகங்கள் எவ்வாறு வந்தன என்பது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் அன்று.

வேறுபாட்டின் வேர் மூலநூலிலேயே உள்ளது. மத்தேயு எழுதிய நற்செய்தியின் கிரேக்கத்தில் இவ்விடத்தில் நிற்கும் சொல் 'ஒஃபெய்லேமா'. அதன் நேர்ப்பொருள் கொடுக்க வேண்டிய கடன். லூக்காவோ 'ஹமார்த்தியா' என்கிறார். குறி தவறுதல் என்னும் பொருளிலிருந்து பாவம் என்னும் பொருளுக்கு வந்த சொல் அது. இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்னும் ஒரு சொல்லே கடனையும் பாவத்தையும் குறித்தது. ஆக, ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து கிரேக்கத்துக்குள் நுழைந்தது. பிரிந்தவற்றில் ஒன்றைத் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையும் மற்றதைத் தமிழ்க் கத்தோலிக்கரும் பற்றிக்கொண்டனர்.

'கடன்' என்னும் சொல்லைத் தாங்கி நிற்கும் தமிழ் மொழிபெயர்ப்பு மரபின் நடுத்தூண் யோகான் பிலிப் ஃபப்ரீசியுஸ். 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்த செருமானியர் இவர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714, 1715 ஆண்டுகளில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டுக்குப் பிறகு, 1772இல் ஃபப்ரீசியுஸின் புதிய ஏற்பாடு வெளிவந்தது. தஞ்சைப் பகுதி லுத்தரன் திருச்சபையினர் நெடுங்காலம் அதனை விட்டுக்கொடுக்க மறுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவர் தலைமையில் உருவான ஒன்றிய மொழிபெயர்ப்பும் அவர் நடையின் சாயலைப் பெரிதும் ஏற்றது. இவரது தாய்மொழியான செருமனில் 'ஷூல்ட்' என்னும் சொல், அரமேயத்தைப் போலவே, குற்றத்தையும் கடனையும் ஒருங்கே குறிக்கும்.

இந்த மனிதரே தம் முதுமையில் கடனுக்காகச் சிறை சென்றார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பணத்தை வட்டிக்கு விட்டார், அது திரும்பவில்லை, பணம் கொடுத்தவர்கள் கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. 1788இல் பணியை கெரிக்கேயிடம் ஒப்படைத்தார், 1791இல் இறந்தார். திருச்சபை வரலாறுகள் இச்செய்தியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. பேராசையாளர் அல்லர், கணக்கறியாதவர் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோரும் உளர். அப்பரிவு தேவையில்லை. கடனாளிக்கும் கடன் கொடுத்தவனுக்கும் இடையே மன்னிப்பு என்பது எவ்வளவு விலையுள்ளது என்பதை அவரைவிட நன்கறிந்த மொழிபெயர்ப்பாளர் தமிழுக்கு வாய்த்திருக்க முடியாது. கடனைத் தள்ளுபடி செய்தால் தொகை மறைந்துபோவதில்லை. கொடுத்தவன் அந்த இழப்பைத் தன் தலைமேல் ஏற்கிறான். 'கடன்' என்னும் சொல் இதனை மறைக்காமல் சொல்கிறது. அச்சொல்லின் வலிமை அதுவே.

தமிழில் அதற்கு வேறொரு பக்கமும் உண்டு. சங்கப் பாட்டில் கடன் என்பது கடமை. காலைக்கடன், இறுதிக்கடன், நேர்த்திக்கடன் என இன்றும் அப்பொருள் வாழ்கிறது. ஆதலால் தமிழ்க் காதுக்கு அவ்வேண்டுதலில் 'செய்யத் தவறிய கடமை' என்னும் ஒலியும் சேர்ந்தே கேட்கும். கிரேக்கமும் அதற்கு இடம் தருகிறது.

கத்தோலிக்க மரபின் கதை இதற்கு இரு நூற்றாண்டு முந்தையது. பிரான்சிசு சவேரியார் 1540களில் முத்துக்குளித்துறையில் உதவியாளர்களைக் கொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கியபோது 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் சொல் நுழைந்துவிட, பின்னர் அவரே அதைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. முறையாகத் தமிழ் கற்றவர் அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகளார் என்னும் என்றிக்கே என்றீக்கசு. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தைப் பலரும் அறிவர். 1580இல் கொச்சியில் அச்சான அவருடைய கொம்பெசியொனாயரு அவ்வளவு பேசப்படுவதில்லை. பாவ அறிக்கை செய்வோருக்கான வழிகாட்டி அது. தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று, மனிதர் தம் குற்றத்தை எப்படிச் சொல்வது என்பதைக் கற்பிக்க எழுந்தது என்பது வியப்புக்குரியது. ஆனால் காரணம் எளிது. பிற சடங்குகளை இலத்தீனில் செய்துவிடலாம். குற்றத்தை மட்டும் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு தன் பாவத்தைச் சொல்ல எவர் துணிவார்?

பின்னர் இச்சடங்குக்கு 'பாவசங்கீர்த்தனம்' என்னும் பெயர் நிலைத்தது. காதோடு காதாகச் சொல்லப்படும் ஒன்றுக்குச் சேர்ந்து பாடுவதை நினைவூட்டும் பெயர்! இன்று அது 'ஒப்புரவு அருட்சாதனம்'. திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தில் ஊருக்கு உதவி வாழ்வதைக் குறித்த 'ஒப்புரவு', கிறித்தவத் தமிழில் முறிந்த உறவைச் சீராக்குதல் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது.

அப்பழைய கத்தோலிக்க வழக்கில் மன்னிப்புக்குரிய வினை 'பொறு' என்பது. பிழை பொறுத்தல் என்பது தமிழ்ப் பக்தி மரபுக்கு நெடுநாள் பழக்கமான தொடர். கிறித்தவர் அதைப் புதிதாக ஆக்கவில்லை. பொறு, பொறை, பொறுப்பு யாவும் ஒரே வேரின. சுமை தாங்குதலே அடிப்படைப் பொருள். கன்னடத்தில் 'ஹொரு' என்றால் தலையில் சுமத்தல், 'ஹொரெ' என்றால் சுமை. எபிரேயத்தில் பாவத்தை மன்னிப்பதற்கு வழங்கும் சொற்களுள் ஒன்றான 'நாசா'வுக்கும் தூக்குதல், சுமத்தல் என்பதே பொருள். கிரேக்க மூலத்திலோ 'விட்டுவிடுதல்' என்னும் சொல்தான் உள்ளது. அதாவது, 'பொறு' என்று பெயர்த்தவர்கள் கண்முன் இருந்த மூலத்தை விட்டு விலகி, அறியாமலே அதற்கும் பின்னுள்ள பழைய மொழியின் உருவகத்துக்கு அருகில் போய்விட்டனர்.

'மன்னி' என்னும் வினையைப் பற்றி ஒரு சொல். இது உருதுச் சொல் என்றும் ஆகவே விலக்க வேண்டும் என்றும் சமூக ஊடகங்களில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. உருதுவில் மன்னிப்பு 'மாஃபி', அரபு வேரினது, இதனோடு தொடர்பில்லை. கன்னடத்தில் 'மன்னிசு', தெலுங்கில் 'மன்னிஞ்சு' எனத் தமிழின் பக்கத்து வீடுகளிலேயே இச்சொல் இருக்கிறது. அங்கே அதற்கு மதித்தல், பெருமைப்படுத்துதல் என்னும் பொருளும் உண்டு. கன்னட 'மன்னணெ' மரியாதையையே குறிக்கும். தவறியவனுக்கு அவன் இழந்த மதிப்பைத் திரும்பத் தருதல் என்று இதைப் படிக்கலாம். உயர்ந்தவன் தாழ்ந்தவனுக்குக் காட்டும் அருள் என்றும் படிக்கலாம். இரண்டாவது படிப்பில் ஓர் ஆபத்து உண்டு: மன்னிப்பவன் மேலே நின்றுவிடுகிறான்.

'பாவம்' வடமொழிச் சொல். 'வினை' என்னும் சொல் கையெட்டும் தொலைவில் இருந்தும் மிசனரிகள் இதனைத் தெரிந்துகொண்டதில் சூழ்ச்சி இல்லை, தேவை இருந்தது. வினை என்றால் நுகர்ந்து தீர்க்க வேண்டியது, பிறவிதோறும் தொடர்வது என்னும் எண்ணம் உடன் வரும். ஒருவர் மற்றவருக்கு அதைத் தள்ளுபடி செய்யும் காட்சிக்கு அது எளிதில் இணங்காது. ஆனால் தமிழர் 'பாவம்' என்பதை இரக்கக் குறிப்பாகவும் ஆக்கிக்கொண்டனர். 'ஐயோ பாவம்' என்னும்போது பாவம் செய்தவனும் துன்புறுபவனும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றனர். இறையியலார் எவரும் திட்டமிட்டு இதைச் செய்திருக்க முடியாது.

மன்னிப்பைவிடக் கடினமான கட்டளை பகைவருக்காக மன்றாடுவது. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இது உள்ளது. பழைய தமிழ்ப் பதிப்புகளில் சபிப்போரை ஆசீர்வதிக்கச் சொல்லும் பகுதியும் அவ்விடத்தில் உண்டு. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது அங்கே இல்லை, லூக்காவில்தான் உள்ளது. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அதை நீக்கியது. நீக்கியும் கட்டளை இலேசாகிவிடவில்லை. பழைய பதிப்பின் 'சத்துரு' புதியதில் 'பகைவர்' ஆயிற்று. பகை என்பது 'பகு' என்னும் வேரோடு சேர்ந்தது. பிளவுபடுதலே அதன் உட்பொருள். தமிழின் சொன்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது இயல்பான ஒலிமாற்றம். ஆகவே கன்னடத்தில் பகை 'ஹகெ'. பெங்களூருவின் இரு மொழியினரும் பகைமைக்கு ஒரே சொல்லையே ஆள்கின்றனர்.

அப்பகை கோயிலுக்குள்ளும் வந்தது. இலத்தீன் ஆண்ட காலம்வரை பலிபீடத்தில் எவர் மொழி என்னும் கேள்விக்கு இடமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. மற்ற நகரங்களில் அது விடுதலையாக வந்தது. தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக இருந்த பெங்களூரு மறைமாவட்டத்திலோ 'எவருடைய தாய்மொழி?' என்னும் வழக்காக வந்தது. இது கன்னட நாடு, கன்னடத்துக்கே முதலிடம் என்றனர் ஒருசாரார்; நாங்கள் மன்றாடும் மொழியை எங்களிடமிருந்து பறிக்காதீர் என்றனர் மற்றொரு சாரார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது பல பத்தாண்டுகள் நீடித்தது.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், நகரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். பாதிக்கப்பட்டோரில் எல்லாச் சமயத்தினரும் இருந்தனர். அவ்வாண்டின் கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரமே இருந்தது. பாவ அறிக்கை மரபு தனிமனிதனை நோக்கிக் கேட்கிறது: நீ என்ன செய்தாய்? ஒரு தெரு எரியும்போது அக்கேள்விக்கு விடை சொல்ல எவரும் முன்வருவதில்லை. கடனாளி பெயரில்லாதவனாக இருக்கையில் கடனை எவர் கணக்கில் தள்ளுபடி செய்வது? ஃபப்ரீசியுஸுக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர் முகத்தையாவது அறிந்திருந்தார்கள். எரிந்த வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. எஞ்சியது 'பொறு' என்னும் சொல் மட்டுமே; அதையும் இழந்தவரைத் தவிர வேறெவரும் அவருக்காகச் சொல்லிவிட முடியாது, மேடையிலிருந்து சொல்லும் ஆயரோ அமைச்சரோ ஆயினும்.

பொது மொழிபெயர்ப்பு 'குற்றம்', 'மன்னித்தல்' என்னும் சொற்களைத் தெரிந்துகொண்டது. இளையோர் வாயில் இன்று அவையே பழகிவருகின்றன. முதியோர் பலர் நாக்கு மட்டும் 'பொறு' என்னும் பழஞ்சொல்லை விடவில்லை. தமிழ்த் திருப்பலி முடிந்து அவர்கள் வாயிலில் செருப்பைத் தேடும்போது, அடுத்த திருப்பலிக்கு வந்த கன்னடக் குடும்பங்கள் உள்ளே நுழைகின்றன. சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் 'தப்பு' என்னும் சொல் கேட்கிறது. அதற்கு மட்டும் எந்தத் தமிழருக்கும் அகராதி வேண்டியதில்லை.