அசையெழுத்துக் குறியேற்றம்: கொரியமும் தமிழும்

உயிரும் மெய்யும் கூடி அசையாவது கொரியத்துக்கும் தமிழுக்கும் பொதுவான எழுத்தியல்பு. எனினும், கணினிக் குறியேற்றத்தில் இரண்டும் வெவ்வேறு வழியில் சென்றன. கொரிய நாட்டின் 1987ஆம் ஆண்டுத் தரமே 2,350 அசைகளை முழுவடிவில் ஏற்றிருந்தது. முதல்மெய் 19, உயிர் 21, ஈற்றுநிலை 28 (ஈற்றுமெய் 27, ஈறின்மை 1) ஆகியவற்றின் பெருக்கமான 11,172 அசைகளுக்கும் ஒருங்குறி 2.0 (1996) தனிக் குறியெண் வழங்கியது. அதன்பொருட்டு, முந்தைய பதிப்பிலிருந்த 6,656 அசைகள் இடம்பெயர்க்கப்பட்டன. அதன்பின், குறியேற்றிய எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது விதியாயிற்று.

தமிழுக்கோ ஒருங்குறி 1.0 (1991), இந்திய மொழிகளுக்கான 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றி 128 இடங்களை ஒதுக்கியது. 247 எழுத்துகளுள் உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 மட்டுமே ஒற்றைக் குறியெண் பெற்றன. எஞ்சிய 216 எழுத்துகள், அகர உயிர்மெய்யுடன் புள்ளியோ உயிர்க்குறியோ சேர்த்தே பெறப்படுகின்றன. இலக்கணத்தில் ‘ட்’ அடிப்படை, ‘ட’ அதன் விளைவு. குறியேற்றத்தில் இம்முறை தலைகீழாயிற்று. இராசபாளையம் வட்டத்து ஊர்ப்பெயரான ‘செட்டியார்பட்டி’ எட்டெழுத்து. ஒருங்குறியிலோ 15 குறியெண். எழுத்தெண்ணலுக்கும் யாப்பாய்வுக்கும் தனி நிரல் வேண்டியிருப்பது இதனாலேயே.

2010 சூனில் தமிழக அரசு ஒருங்குறியோடு, ஓரெழுத்துக்கு ஒரு குறியெண் தரும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் (டேஸ்-16) தரமாக அறிவித்தது. அதில் மேற்கண்ட ஊர்ப்பெயர் எட்டே குறியெண். ஆயினும், அம்முறை ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் பொதுப் பரிமாற்றத்தில் நிலைபெறவில்லை. ஆகவே, இருமொழிகளின் வேறுபாட்டுக்கு எழுத்தியல்பு மட்டும் காரணமன்று. அடிப்படையாய் அமைந்த நாட்டுத் தரமும், விதி இறுகிய காலமும் காரணங்களாம்.