நல்லூர் தரும் படிப்பினை: உறவை அறுத்தவன் அரசை இழந்தான்



புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த பெற்றோர்களே, வாலிபச் சகோதரர்களே!

சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய் வழியாக யாழ் நகரை அடைந்து, அங்கிருந்து நல்லூர் செல்வோர் முத்திரைச் சந்தியில் குதிரை மீதமர்ந்த ஓர் அரசனின் சிலையைக் காண்பர். யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசி மன்னனான சங்கிலி குமாரனின் சிலை அது. அந்நியரை எதிர்த்து நின்ற வீரனாக அவனை நம் அயலவர்கள் நினைவுகூருகின்றனர். அந்த வீரத்தை மறுப்பது நமது நோக்கமன்று. ஆனால் அவன் அரியணை ஏறிய விதத்தில் நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படிப்பினை இருக்கின்றது.

1591ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாதோ யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தான். வரும் வழியில், கள்ளிக்கோட்டைக் கடற்பரப்பில் போர்த்துக்கேயரை நீண்டகாலம் எதிர்த்து வந்த முஸ்லிம் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களின் கப்பல்களையும் அவன் முறியடித்தான். அப்போரில் யாழ்ப்பாண மன்னன் கொல்லப்பட்டான். அவனுடைய இடத்தில் எதிர்மன்னசிங்கன் என்பவனைப் போர்த்துக்கேயரே அரியணையில் அமர்த்தினர்.

1617இல் எதிர்மன்னசிங்கன் மரணமடைந்தான். அவனுடைய வாரிசு விபரமறியாப் பாலகன். ஆகவே, பிள்ளை வளரும்வரை ஆட்சியைப் பராமரிக்கும் பொறுப்பு அரச உறவினரான அரசகேசரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசகேசரி தமிழில் இரகுவம்மிசம் பாடிய புலவர் என மரபு கூறும். அவர் கையிலிருந்த ஆட்சி ஓர் அமானிதம். அந்த அமானிதத்தின் மீதே அதே குடும்பத்தைச் சேர்ந்த சங்கிலி குமாரன் கை வைத்தான். அரசகேசரியைக் கொன்றான், ஆட்சிக்கு உரிமை கோரக்கூடிய ஏனைய உறவினரையும் அகற்றினான், அதிகாரத்தைத் தன் வசமாக்கிக் கொண்டான்.

இதன் பின்னர் நடந்தவற்றைக் கவனியுங்கள். தன் பக்கம் நின்று சாட்சி சொல்ல வேண்டிய சொந்தங்களைத் தன் கையாலேயே அழித்தவனுக்கு, அரசன் என ஏற்றுக்கொள்ள யார் இருக்கின்றனர்? எனவே அவன் போர்த்துக்கேயரின் அங்கீகாரத்தை நாடினான். திறை செலுத்தவும் உடன்பட்டான். 1618இல் முதலிமார் சிலர் கிளர்ச்சி செய்தபோது நல்லூரை விட்டு ஊர்காவற்றுறைக்கு ஓட வேண்டியதாயிற்று. அப்போது தஞ்சாவூர் நாயக்கரின் உதவியை வேண்டினான். வருணகுலத்தான் தலைமையில் படை வந்தது. அரியணை மீண்டும் கிடைத்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா பெரும் படையுடன் வந்தான். தப்பியோட முயன்ற சங்கிலி பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே மரண தண்டனைக்கு உள்ளானான்.

அந்தப் பாலகன் என்ன ஆனான்? அவனும் கோவாவுக்கு அனுப்பப்பட்டான். பிரான்சிஸ்கன் துறவிகளிடம் வளர்ந்து, தானும் துறவியானான். ஆட்சியைப் பறித்தவனுக்கும் ஆட்சி இல்லை, பறிகொடுத்தவனுக்கும் இல்லை. நூற்றாண்டுகள் நிலைத்த இராச்சியம், அந்தக் கொலைகள் நடந்து இரண்டே ஆண்டுகளில் அந்நியர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரை அகற்றிய போதும் அது பழைய குடும்பத்துக்குத் திரும்பவில்லை.

சகோதரர்களே! இது பிறருடைய வரலாறுதானே என எண்ணி விடாதீர்கள். முஸ்லிம்களாகிய நமது வரலாற்றிலும் இதே காட்சி உண்டு. ஸ்பெயினில் முஸ்லிம்களின் கடைசி அரசாக எஞ்சியிருந்தது கிரனாடா. 1482இல் அபூ அப்தில்லாஹ் என்ற இளவரசன் தன் தந்தை சுல்தான் அபுல் ஹஸன் அலீக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தான். மறு வருடமே லூசெனா போரில் கஸ்தீலியரிடம் கைதியானான். அவர்களுக்குக் கட்டுப்படுவதாக உடன்படிக்கை செய்து விடுதலை பெற்றான். பின்னர் தந்தையின் சகோதரருடன் போரிட்டான். வீடு இரண்டுபட்டிருக்க, 1487இல் மாலகா நகரம் வீழ்ந்தது. 1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடாவின் திறப்புகளை அவனே எதிரியிடம் ஒப்படைத்தான்.

நல்லூரிலும் கிரனாடாவிலும் எதிரி வலிமையானவன்தான். ஆயினும் கதவு உள்ளிருந்தே திறக்கப்பட்டது. குடும்ப வழக்கைத் தீர்க்க வெளியாரை அழைத்தவன், தீர்ப்போடு சேர்த்து வீட்டையும் அவர்களிடம் கொடுத்து விட்டான்.

நம்மிடம் இன்று இராச்சியங்கள் இல்லை, காணிகள் இருக்கின்றன. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில், கையில் எடுத்தது போக எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அன்று ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே பானையில் உண்ட சகோதரர்கள், திரும்பி வந்து வாப்பாவின் வளவைக் கண்டதும் என்ன செய்கின்றார்கள்? இடிந்த சுவருக்கும் தூர்ந்த கிணற்றுக்கும் வழக்காடுகின்றார்கள். மூத்தவர் உறுதியை ஒளிக்கின்றார்; தங்கையின் பங்கு மறுக்கப்படுகின்றது; தகப்பனற்ற பிள்ளைகளின் பங்கு பெரியவர்களின் கையில் கரைகின்றது. பெருநாள் தினத்தில்கூட ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. நம்மை ஊரை விட்டு அனுப்பியவர்களாலும் பிரிக்க முடியாதிருந்த உறவை நாமே அறுக்கலாமா?

மார்க்கம் இதற்குத் தெளிவான வழி காட்டியிருக்கின்றது. வாரிசுகளின் பங்குகளை அல்லாஹ்வே சூரத்துன் நிஸாவில் வகுத்துத் தந்துள்ளான். அநாதைகளின் சொத்தைத் தொடுவோரைக் கடுமையாக எச்சரித்துள்ளான். உறவைத் துண்டித்து வாழ்வதைப் பெரும் பாவமென நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். யூஸுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் எறிந்தவர்கள் அவர்களுடைய சகோதரர்களே. அதே சகோதரர்கள் பஞ்ச காலத்தில் கையேந்தி நின்றபோது, எகிப்தின் களஞ்சியங்கள் அன்னாரின் கையில் இருந்தன. பழிவாங்க முடிந்தும் மன்னித்தார்கள். பிரிந்த குடும்பம் ஒன்று சேர்ந்தது.

பெற்றோர்களே! நீங்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கொடுக்கல் வாங்கல்களை எழுத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடந்து கொள்ளுங்கள். வாலிபர்களே! பங்கில் குறை இருந்தால் முதலில் நேரில் பேசுங்கள். பின்னர் குடும்பத்துப் பெரியவர்களையும் ஆலிம்களையும் வைத்துத் தீருங்கள். உரிமையைக் கேட்பது குற்றமன்று. உரிமைக்காக உறவைக் கொல்வதுதான் குற்றம். இன்று பேச்சில்லாதிருக்கும் சகோதரனுக்கு இன்றைய மஃரிபுக்கு முன்பே நீங்கள் முந்தி ஸலாம் சொல்லுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, உறவுகளைச் சேர்ந்து வாழும் நல்லடியார்களாக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.